ஒரு மிளகு வாடகை

அன்று வெள்ளிக்கிழமை. அந்த நாள் முடிந்தால் என் ஃபிளாட்டின் குத்தகையில் மீதிக் காலம் எண்பது வருஷத்துக்குக் கீழே இறங்கிவிடும்.

எண்பது வருஷம் போதாதா என்று கேட்காதீர்கள். இங்கிலாந்தில் வொர்த்திங் கடற்கரையில் நான் வாங்கியது மாடி ஃபிளாட் மட்டும்தான். அது நிற்கிற தரை, சுவர், கூரை எல்லாம் கீழ் ஃபிளாட் மிஸ்டர் பிங்காமுக்குச் சொந்தம். குத்தகை எண்பதுக்குக் கீழே போனால் நீட்டிக்கிற விலை எகிறிவிடும். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிற எனக்கு அது கட்டாது. வீட்டை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

"குத்தகைய நீட்டிக்கக் கேக்கற நோட்டீஸை வெள்ளிக்கிழமைக்குள்ள பிங்காம் கையிலேயே கொடுத்துடுங்க, சாட்சியோட. தபால்ல போட்டா வரவே இல்லைன்னு சாதிப்பாங்க" என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

கையில் கொடுக்க ஆள் கிடைத்தால்தானே! ஒரு வாரமாக மணி அடித்தேன், கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ சட்டென்று நிற்கும். திரைச்சீலை மட்டும் ஆடும். கதவிலிருந்த தபால் துவாரத்துக்கு டேப் ஒட்டிவிட்டார். குளிர்காற்று வருகிறதாம். அதுவும் ஜூன் மாதத்தில்! ஒருநாள் தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்த்தால், ஐம்பத்தெட்டு வயசு மனுஷன் வேலி ஏறிக் குதித்து ஓடுகிறார்.

"பேராசை பிடிச்ச கிழம்!" என்றேன்.

"கிழம்னு சொல்லாதீங்க கோரலக்கா. வருஷத்துல ரெண்டு தடவை தரை வாடகை வாங்க வர்றப்ப டை கட்டிட்டு வருவாரே, அப்ப நல்லாத்தான் இருப்பார்" என்றாள் ஷெரில். என் கடையில் வேலை பார்ப்பவள். அன்றைக்கு என் சாட்சி.

"வாடகைய வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே? ரெண்டு துண்டு எலுமிச்சை கேக்கையும் சாப்பிட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருப்பார்."

"நீங்க ஏன் ரெண்டாவது துண்டு வைக்கிறீங்க?"

ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தேன். அன்று குப்பை வண்டி வரும் நாள். தொட்டிகள் வரிசையாக நின்றன. மூடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. யார் அடுக்கி வைத்தது? வேறு யார், பிங்காம்தான்!

"ஷெரில், கடைத் திறப்பு விழாவுல குடிச்ச ஒயின் பாட்டில் எல்லாம் எங்கே?"

"மாடிப்படிக்கு அடியில. அக்கா... வேண்டாம்க்கா. நிஜமாவா?"

நிஜமாகத்தான். அவர் ஜன்னலுக்கு நேர் கீழே போய் நின்றோம். கண்ணாடி போட வேண்டிய நீல மூடித் தொட்டியை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த சாதாரணக் குப்பைத் தொட்டியைத் திறந்தேன். முதல் பாட்டில். டமார்! திரைச்சீலை ஆடியது. இரண்டாவது பாட்டில். திரைச்சீலை துடித்தது.

"டீத்தூளை நீல மூடியில கொட்டட்டுமா அக்கா?" என்று ஷெரில் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

"தாராளமா கொட்டு! ஈரமாவே கொட்டு!"

கதவு படீரென்று திறந்தது. கோடு போட்ட இரவு அங்கியும் ஒற்றைச் செருப்புமாக மிஸ்டர் பிங்காம் பாய்ந்து வந்தார். "ஐயோ, கண்ணாடிய அதுலயா போடுவாங்க! நீங்கள்லாம் மனுஷங்கதானா? குடுங்க இப்படி!"

கையை நீட்டினார். நான் கொடுத்தேன். பாட்டிலை அல்ல, நோட்டீஸை.

"பாத்தேன்! வாங்கிட்டார்! நான் சாட்சி!" ஷெரில் நடுத்தெருவில் குதித்தாள். ஒரு கடற்காகம் மிரண்டு பறந்தது.

பிங்காம் உறையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஜெயித்த மயக்கம். "எவ்வளவு கூடக் கறக்கலாம்னு கணக்குப் போட்டிருந்தீங்க?"

"காசா? உங்ககிட்டயா?" மனுஷனின் காது சிவந்துவிட்டது. "மிஸ் ஹாலட், குத்தகைய நீட்டிச்சா என்ன ஆகும் தெரியுமா? தரை வாடகையே கிடையாது. சட்டப்படி பேருக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு மிளகுதான் வாடகை. அப்புறம் நான்... எதைச் சொல்லிக்கிட்டு மாடிப்படி ஏறுவேன்?"

இதற்கா வேலி ஏறிக் குதித்தார்!

"சும்மா ஏறி வர வேண்டியதுதானே?"

"சும்மாவா?" தெருவில் துணியில்லாமல் ஓடச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். "காரணம் இல்லாம ஒருத்தர் வீட்டுக்கு எப்படிப் போறது?"

"அந்த மிளகை நீங்க கேட்டு வாங்கணுமா, நானே அனுப்பணுமா?"

"சட்டப்படி நான் கேட்டாத்தான்."

"அப்போ கேளுங்களேன்."

"பத்திரமே இன்னும் முடியலையே."

"அட்வான்ஸா வாங்கிக்குங்க. இன்னிக்குச் சாயங்காலமே!"

ஷெரில் வாயைப் பொத்திக்கொண்டு நீலத் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் கேக் அடுப்பில் வெந்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அலமாரி முழுக்கத் தேடினேன். மிளகுத்தூள்தான் இருந்தது, முழு மிளகு ஒன்றுகூட இல்லை. ஓடிப்போய் வாங்கலாம் என்று கதவைத் திறந்தால், எதிரே டை கட்டிக்கொண்டு அவர்.

"வாடகை கேட்டு வந்திருக்கேன்" என்றார் ரொம்பக் கறாராக.

"அது வந்து... தூள்தான் இருக்கு."

"தெரியும். போன தடவை சூப்ல தூள்தான் போட்டிருந்தீங்க." முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய கண்ணாடி டப்பாவை எடுத்து நீட்டினார். கழுத்து வரை முழு மிளகு. "உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேக்கறப்ப ஒண்ணு ஒண்ணா குடுத்தா போதும்."

டப்பாவைத் திறந்து ஒரு மிளகை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அதைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்தது எப்போ கேப்பீங்க?" என்றேன்.

"செவ்வாய்க்கிழமை?"