லண்டன் போய் வந்தவர்

கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்குப் படம் கேட்டு, பிரான்சிஸின் கால்பந்துக் கூட்டாளி தென்னரசு வந்து நின்றபோது, அன்புச்செல்வி புருஷன் காலுக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். விறைத்துப்போன கால், லேசில் ஏறவில்லை. காலையில் மிக்சி ரிப்பேர் கடையின் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிரான்சிஸ், திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேயில்லை.

“அண்ணி, லண்டன்ல மேட்ச் பாத்தப்ப எடுத்த போட்டோ இருந்தா குடுங்க. ‘இங்கிலாந்து சென்று லீக் கால்பந்து கண்ட எங்கள் அண்ணன்’னு போடப்போறோம். விழுப்புரத்துல பிளக்ஸ் கடைக்காரன் வெயிட் பண்ணிக்கினு இருக்கான்.”

அவள் பதில் சொல்வதற்குள் நாற்காலியில் இருந்த பிரான்சிஸின் அண்ணன் சவுரிராயன் முந்திக்கொண்டார்.

“ரெண்டு வருஷமா நானும் ஒரு போட்டோ காட்டுடான்னு கேட்டுக்கினேதான் இருந்தேன். போன் பூட்ச்சின்னான். அந்த வரிய எடுத்துடுப்பா. செத்தவன் பேர்ல எதுக்குப் பொய்யி?”

ஒப்பாரி பாதியில் நின்றது. பெண்கள் அன்புச்செல்வியின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவளே தன் புருஷனை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் லண்டனிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டியோடு வந்து இறங்கியவன், ஃபிளைட் லேட்டு என்றான். எதிர்வீட்டு அம்சாவோ திங்கட்கிழமை சாயந்திரமே அவனை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறாள். மெட்ராஸிலிருந்து வருகிறவன் சொந்த ஊரைத் தாண்டிப் போய் விழுப்புரத்தில் ஏன் இறங்க வேண்டும்? ராத்திரி எங்கே படுத்தான்? யார் வீட்டில்? அன்புச்செல்வி கேட்கவில்லை. கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

சாக்ஸை இழுத்துவிட்டு எழுந்தாள். தென்னரசுவைச் சமையற்கட்டுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“சவப் பொட்டிய மூடறதுக்குள்ள எனக்குத் தெரியணும். விழுப்புரத்துல அவரு யார் வீட்டுக்குப் போனாரு?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“எங்க வூட்டுக்குத்தான் அண்ணி.”

“எதுக்கு?”

“மேட்ச் பாக்க.”

அவளுக்கு வந்த கோபத்துக்கு அவனை அறைந்திருப்பாள்.

“சத்தியமா அண்ணி. லண்டனுக்குப் போனது நெஜம். சனிக்கிழமை மேட்சு. டிவிக்காரங்களுக்காக அத திங்கக்கிழமைக்கு மாத்திட்டாங்க. அப்படிலாம் மாத்துவாங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. இவரு சனிக்கிழமைன்னே நெனச்சிக்கினு போயிட்டாரு. அங்க போனா கேட்டு பூட்டிக் கெடக்குது. ஞாயித்துக்கிழமை ரிட்டன் ஃபிளைட்டு. மாத்த வழியில்ல. கிரவுண்டச் சுத்திச் சுத்தி நடந்தேன்டான்னாரு.”

“அத வந்து சொல்றதுக்கு என்ன?”

“மால போட்டு அனுப்புனாங்களே அண்ணி. நீங்க ஒருத்தர்தான் போவ வேணாம்னு சண்ட போட்டீங்க. செல்வி மூஞ்சில எப்படி முழிப்பேன்னாரு. பெட்டியோட வந்து, ராத்திரி எங்க வூட்டு டிவில மேட்ச முழுசாப் பாத்தாரு. கோல் எப்படிப் போட்டாங்கன்னு கேட்டா சொல்லணும்ல.”

அன்புச்செல்வி சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பாவி,” என்றாள். “ரெண்டு வருஷமா அவரு சட்டைய மோந்து பாத்துக்கினு இருந்தேனே தென்னரசு. பக்கத்துல வந்தா தள்ளிப் படுத்தேனே.”

அவன் குழாயில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தான். அவள் குடிக்காமல் கீழே வைத்தாள்.

கதவைத் திறந்து வெளியே வந்ததும் சவுரிராயன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என்னம்மா, எடுத்துடச் சொன்னியா?”

“இல்ல மாமா. அந்த வரி இருக்கட்டும்.”

“அவன் பாத்தான்னு நீ நம்பறியா?”

“பாத்தாரு மாமா. கூட உக்காந்து பாத்தவங்க சொல்றாங்க.”

சவுரிராயன் தென்னரசுவைப் பார்த்தார். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

படம் கடையில் எடுத்ததுதான் கிடைத்தது. மதியத்துக்கு மேல் பிளக்ஸ் வந்தது. மின்கம்பத்தில் உயரத் தூக்கிக் கட்டப்போனவர்களிடம் அன்புச்செல்வி தெருவில் இறங்கி வந்து சொன்னாள்.

“இன்னும் கொஞ்சம் எறக்கிக் கட்டுங்க. பஸ்ல போறவங்களுக்கும் தெரியணும்.”

முடிச்சை அவிழ்த்து இறக்கினார்கள். விழுப்புரம் டவுன் பஸ் ஒன்று கூட்டத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. ஜன்னலோரம் இருந்தவர் தலையை வெளியே நீட்டி, வாய்விட்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக்கொண்டே போனார்.