மூன்றாம் நம்பர் பெயில்

என் மனைவி பிரஷாந்தினி மோட்டார் சைக்கிள் திருத்துகிறவள். இதைச் சொன்னவுடன் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் ஒரு பெரியவர், "தம்பி, அவ சில்லுக் கழட்டுறா எண்டா வீட்டில சமையல் ஆர்?" என்று கேட்டார். "நான்தான். ஒருநாள் வந்து சாப்பிட்டுப் பாத்திட்டுக் கதையுங்கோ" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கு இந்தக் கதைகள் காதில் விழுவதே இல்லை.

அவள் வேலை செய்தது கியூபெக்கில், லாசால் என்கிற ஊரில், மாக்கிரட் அக்காவின் மோட்டார் சைக்கிள் பழக்கும் பள்ளியில். மாக்கிரட் அக்கா மட்டக்களப்பு. தனி மனுசியாக அந்தப் பள்ளியைத் தூக்கி நிறுத்தியவர். பள்ளியில் ஆறு பைக்குகள், ஆறும் பழையவை. ஆறையும் தேடிப் பிடித்தவள் என் மனைவி. ஒன்றை இல்-பிசார் என்கிற தீவில் ஒரு பல் டாக்டரின் கராஜில் இருந்து எடுத்தாள். அவர் வாங்கியதோடு சரி, பயத்தில் ஏறவே இல்லையாம். வாங்கப் போகிறபோது நானும் கூடப் போவேன். விற்கிறவன் எப்போதும் என்னைப் பார்த்துத்தான் கதைப்பான். "அவவோட கதை" என்று கையைக் காட்டிவிட்டு நான் காரில் இருந்து கோப்பி குடிப்பேன். ஐந்து வண்டி பார்த்தால் நாலை வேண்டாம் என்று விட்டுவிட்டு வருவாள்.

பழகுகிறவர்கள் கையில் ஒரு பைக் படும் பாட்டைச் சொல்லி முடியாது. ஒரு நாளைக்கு நாலு தரம் விழுத்துவார்கள், கியரைக் கடித்துக் குதறுவார்கள். பள்ளி வண்டிகள் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. பனி கரைந்து வீதி காய்ந்ததும் ஆறையும் அதற்கென்று உள்ள கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும். பிறேக், டயர், லைற், இரும்புச் சட்டம் எல்லாம் தட்டிக் குலுக்கிப் பார்த்து, பாஸ் அல்லது பெயில் என்று ஒரு பேப்பர் தருவார்கள். போன வருடத்தோடு ஏழு வருடம், ஆறு பைக், நாற்பத்திரண்டு பாஸ். பெயில் ஒன்றுகூட இல்லை. நான் துறைமுகத்தில் கொள்கலன் லொறிகளுக்கு வாசல் திறந்துவிடுகிறவன். அந்த வாசலால் போகிற டிரைவர்கள் எல்லாருக்கும் இந்த நாற்பத்திரண்டு மனப்பாடம். கேட்காதவர்களுக்கும் சொல்லித்தான் அனுப்புவேன்.

இந்த வருடம் மாசி மாதம் மாக்கிரட் அக்கா எங்கள் இருவரையும் கூப்பிட்டு இருத்தி ஒரு கதை சொன்னார். புது பைக் விற்கிற கம்பனிக்காரன் ஒருவன் அவரைப் பிடித்துக்கொண்டானாம். ஆறு புது வண்டி தருவார்கள், திருத்த வேலையெல்லாம் தங்கள் இடத்திலேயே செய்வார்கள்.

"இஞ்ச பாரு புள்ள, மறைக்காமச் சொல்றன்" என்றார். "இந்த வருசமும் ஆறும் பாஸ் எண்டா இதுகளையே வெச்சிருப்பம். ஒண்டு பெயில் எண்டாலும் ஆறையும் மாத்திருவன். பழசை நம்பி ஆக்களை ஏத்த எனக்குப் பயமாக் கிடக்கு."

ஆறும் போனால் பிரஷாந்தினிக்கு அங்கே வேலை இல்லை. அதன் அர்த்தம் எனக்குத்தான் தெரியும். இந்த வேலைக்கு முன் அவள் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி கட்டினாள். பின்னேரம் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தால் ஒரு சொல் வராது. மாக்கிரட் அக்காவிடம் போன முதல் நாள் கையெல்லாம் கறுப்பாக வந்து, செருப்பைக் கழற்ற முதலே கதைக்கத் தொடங்கினாள். ஏழு வருடமாக நிறுத்தவில்லை. அந்தப் பழைய பேசாத வீட்டுக்குத் திரும்பிப் போக எனக்குச் சம்மதம் இல்லை.

ஆறு கிழமை அவள் அந்த ஆறு பைக்குகளோடும் கிடந்தாள். ஐந்து சரி. மூன்றாம் நம்பர்தான் அவளை நிம்மதியாக விடவில்லை. இருக்கை பதிந்த ஒரு சின்ன வண்டி அது. அல்போன்சம்மா அன்ரி பழகுவது அதில்தான். அன்ரிக்கு ஐம்பத்தெட்டு வயது, ஒரு கார்டறியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், சமைக்கிறவர். இரண்டு காலும் நிலத்தில் முட்டுகிற ஒரே பைக் அதுதான் என்பதால் வேறு எதிலும் ஏற மாட்டார்.

"தள்ளிக்கொண்டு போகேக்க கிணுக்கெண்டுது" என்றாள் பிரஷாந்தினி. "செயினும் கழட்டிப் பாத்திட்டன், பெயாரிங்கும் மாத்திட்டன். எங்கையெண்டு பிடிபடேல்லையப்பா."

வியாழக்கிழமை பரிசோதனை. றெஜான் என்கிற கியூபெக்காரன்தான் பார்க்கிறவன். சிரிப்பு என்பது அவன் முகத்துக்குப் பழக்கமில்லாத விஷயம். மூன்றாம் நம்பரின் சத்தத்தை அவள் அவனிடமும் சொன்னாள். அவனும் குனிந்து, குலுக்கி, காதை வைத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. ஆறும் பாஸ். நாற்பத்தெட்டு! நான் வீதியில் நின்றே துறைமுகத்து நண்பர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

பரிசோதனை முடிந்த மறுநாள், வெள்ளிக்கிழமை, என் வேலை. கோயில் திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, ஆறு பைக்குக்கும் முன் லைற்றில் மூன்று குறி இழுப்பேன். சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைப்பேன். மாக்கிரட் அக்கா தன் பங்குக்கு மாதா கோயில் தீர்த்தம் தெளிப்பார். இரண்டு பக்கத்தாலும் பாதுகாப்பு. இந்தமுறை மூன்றாம் நம்பருக்கு மட்டும் செயின் பக்கமும் பூசிவிட்டேன். பின் சில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இரும்புக் கை ஒன்று இருக்கிறது, அதில் தாராளமாகவே பூசினேன். அவளுக்கும் றெஜானுக்கும் பிடிபடாத சத்தத்தை முருகனாவது பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருடத்தின் முதல் வகுப்பு. அல்போன்சம்மா அன்ரி எட்டரைக்கே தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வண்டிகளை வெளியே எடுக்கும்போது பார்த்தேன், மூன்றாம் நம்பரின் இரும்புக் கையில் திருநீறு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அதன் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. தலைமயிர் ஒட்டிவிட்டது என்று நினைத்துத் தட்டினேன். போகவில்லை.

"இஞ்சரும், முருகன் இதில கையெழுத்து வைச்சிருக்கிறார், வந்து பாரும்" என்றேன் பகிடியாக.

அவள் வந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. திருநீற்றைத் துடைத்தாள், அந்த இடத்தைக் கழுவினாள், நகத்தால் தடவினாள். வெறும் இரும்பு, ஒரு கீறலும் கண்ணுக்குத் தெரியவில்லை. "உங்கட திருநீற்றைத் தாங்கோ" என்று வாங்கித் தானே பூசினாள், சூடான காற்றடித்துக் காய வைத்தாள், பைக்கைப் பத்துத் தரம் அமத்தி அமத்தி ஆட்டினாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வெள்ளையில் மெல்ல மெல்ல அதே கோடு வந்தது.

"வெடிப்பு" என்றாள். "செயின் எண்ணெய் உள்ளுக்க போய் நிக்குது. நீறு அதை உறிஞ்சி வெளியில இழுக்குது. கிணுக்கெண்டது இதுதான்."

மற்ற ஐந்துக்கும் அதே இடத்தில் பூசிப் பார்த்தாள். என் திருநீற்றுப் பை காலியானது. அவற்றில் கோடு இல்லை.

நான் அவளை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். நான் அப்போது சொன்னதை மறைக்கப் போவதில்லை. "பேப்பர் பாஸ் எண்டு கிடக்கு. இதை மூலையில விடும். வேறை ஒரு கை வாங்கிப் போட்டிடும். ஒருதருக்கும் தெரியத் தேவையில்லை" என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சா என்ன? ஆரும் ஏறப்போறேல்லைத்தானே!"

"இதே மொடல் இந்த ஊரில எத்தினை பேர் வைச்சிருக்கினம்? இந்த இடத்தைப் பாக்கோணும் எண்டு றெஜானுக்குத் தெரியாது. எல்லாத்தையும் பாஸ் பண்ணி விடுவான். கொண்டுபோய்க் காட்டத்தான் வேணும்."

"காட்டினா உம்மட வேலை போகும், பிரஷாந்தி."

"போகட்டும். இதை மறைச்சா மற்ற நாப்பத்தேழும் பொய்யாப் போடும்" என்றாள். என்னைப் பார்த்தபடியேதான் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் சொல்வது சரி என்பதுதான் கோபத்தின் முக்கால்வாசி.

அவள் வெளியே போய், பழக வந்து நின்ற பன்னிரண்டு பேருக்கும் முன்னால் அல்போன்சம்மா அன்ரியிடம், "அன்ரி, இதில இனி ஏற வேண்டாம், வெடிச்சிருக்கு" என்றாள்.

"பாஸ் எண்டவையெல்லோ பிள்ளை?"

"ஓம் அன்ரி. நானும் பாஸ் எண்டுதான் நினைச்சன். எனக்குப் பிழைச்சுப் போச்சு."

பிரெஞ்சில் மற்றவர்களுக்கும் அதையே சொன்னாள். ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை.

திங்கட்கிழமை ஒரு பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு றெஜானிடம் போனோம். அவன் பூதக்கண்ணாடியும் லைற்றும் கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு பாஸ் பேப்பரை வாங்கிக் கிழித்துவிட்டு, பெயில் என்று புதிது எழுதினான். அந்த வெள்ளைத் தூள் என்ன, எங்கே விற்கிறது என்று கேட்டான். மாட்டுச் சாணத்தைச் சுட்டு எடுப்பது என்று என் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினேன். தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவளைப் பார்த்துச் சொன்னான்: இருபத்தாறு வருடமாக இங்கே நிற்கிறேன், பெயிலைப் பாஸ் ஆக்கித் தரச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், பாஸைப் பெயில் ஆக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீ. நாங்கள் நிற்கும்போதே, தான் அந்த மாதம் பாஸ் பண்ணிய அதே மொடல் வண்டிக்காரர் இருவருக்குத் தொலைபேசி எடுத்து, ஏற வேண்டாம், கொண்டுவாருங்கள் என்றான்.

மாக்கிரட் அக்கா பெயில் பேப்பரை இரண்டு தரம் வாசித்தார். "சொன்னாச் சொன்னதுதான் புள்ள. கோவிச்சிராத" என்றார். அவருக்கும் முகம் செத்துப்போய்த்தான் இருந்தது. நான் விடவில்லை. "உங்கட ஆக்களின்ர உயிரைக் காப்பாத்தினதுக்கோ அக்கா இந்தப் பரிசு?" என்று கத்தினேன். பிரஷாந்தினி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். திறப்புக்கோர்வையை மேசையில் வைத்துவிட்டு, "வாறன் அக்கா" என்று வந்துவிட்டாள். பழைய பைக்குகளைக் கம்பனிக்காரனே எடுத்துக்கொண்டான். வீட்டில் கதை குறைந்தது. நான் உப்புப் போடாமல் கறி வைத்த நாளில்கூட அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாவது சனிக்கிழமை, ஒன்பது அடித்துப் பத்து நிமிடம் இருக்கும், மாக்கிரட் அக்காவின் தொலைபேசி வந்தது. "றஜிந்தன், பிரஷாந்தினிய உடன கூட்டிட்டு வாங்க. எனக்கு ஏலா இதுகளோட" என்றார். வேறு விளக்கம் இல்லை.

போய்ப் பார்த்தால், ஆறு புது பைக்குகள் வரிசையாக மினுங்கிக்கொண்டு நிற்கின்றன. இருக்கைகளில் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. பன்னிரண்டு பேரும் தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எதிரே நிற்கிறார்கள். ஒருவர்கூட ஏறவில்லை. புது வண்டி, உத்தரவாதம் உள்ள வண்டி என்று கம்பனிப் பொடியன் பிரெஞ்சில் மன்றாடுகிறான். முன் வரிசையில் அல்போன்சம்மா அன்ரி.

"பிரஷாந்தினி பாத்தவவோ எண்டு கேட்டன், இல்லையாம்" என்றார் என்னிடம். "அப்ப நான் ஏற மாட்டன். தனக்குப் பிழைச்சுப் போச்செண்டு எங்களுக்கு முன்னால சொன்ன பிள்ளை அவதான். இந்தப் பொடியன் சொல்லுவானோ?" பக்கத்தில் நின்ற ஹெயிட்டிப் பெண் தமிழ் விளங்காமலே தலையை ஆட்டினாள்.

எனக்குக் கண் கலங்கியது. சொல்ல வெட்கமில்லை. நான் நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு என்று துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன். இவர்கள் அவளை நம்பியது அந்த ஒரு பெயிலுக்காக என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். என் மனைவி என்று அந்த நாலு வீதிச் சந்திக்கும் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அவள் கொன்றுவிடுவாள் என்பதால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பிரஷாந்தினி சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் வண்டியின் பக்கத்தில் இருந்தாள். ஒரு மணித்தியாலம் ஒருவரும் அசையவில்லை. ஒவ்வொன்றாக முடித்து, ஐந்து சரி என்று முன்னுக்கு விடச் சொன்னாள். ஆறாவதன் முன் சில்லை இரண்டு தரம் பார்த்தாள். பிறகு எழும்பிக் கையைத் துடைத்தாள்.

"இதில இண்டைக்கு ஆரையும் ஏத்தாதேங்கோ அக்கா."

கம்பனிப் பொடியன் வாயைத் திறந்தான். மாக்கிரட் அக்கா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவனை விலகச் சொல்லிவிட்டு, அந்தப் புது வண்டியைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.