கறிமீனும் போனசும்

1

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரமாக இருந்திருக்க வேண்டியது.

குருநகரில் தேவாலயப் பங்கின் இளைஞர் மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரெல்லா, தொலைபேசியில் பந்தயம் கட்டுவதைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். இழந்தால் தாங்கக்கூடிய காசை மட்டும் போடுங்கள். விட்டதைப் பிடிக்கத் துரத்தாதீர்கள். போனசின் நிபந்தனைகளை வாசியுங்கள். நிறுத்த முடியவில்லை என்றால் யாரிடமாவது சொல்லுங்கள்.

ஸ்ரெல்லா வாசித்தார்.

"எல்லாம் சரிதான். ஆனா உதிலை ஆளைக் காணேல்லை."

"என்ன ஆள்?"

"உதை வாசிக்கிறவன் தன்னைச் சொல்லுதெண்டு நினைக்கமாட்டான். பக்கத்து வீட்டுக்காரனுக்கெண்டு மடிச்சு வைப்பான்."

ஆகவே ஓர் ஆள் தேவைப்பட்டான்.

2

முதல் தொடக்கம்: லெனாட் ஒரு சூதாடி.

[வெட்டிவிட்டேன். பொய். செத்த வீட்டில் எல்லோரும் விடிய விடியக் கடுதாசிச் சீட்டு விளையாடும்போதும் அவன் தேத்தண்ணித் தட்டோடு நிற்கிறவன்.]

இரண்டாம் தொடக்கம்: அன்று கடலில் காற்று

[கடலைக் காட்டினால் வாசகர் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். கதை தொலைபேசிக்குள் நடக்கிறது.]

மூன்றாவது: சூசைதாசனின் வள்ளத்து எஞ்சின் பழுதாகிவிட்டது.

இது இருக்கட்டும். சூசைதாசன் வள்ளத்துக்குச் சொந்தக்காரர். லெனாட் அதில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன். திருத்துகிற கடையில் கட்டச் சொல்லி, சூசைதாசன் அறுபதாயிரம் ரூபாயை லெனாட்டின் கையில் கொடுத்தார். லெனாட் அதைக் கடையில் கட்டவில்லை.

3

விளையாடுவதற்காக அவன் அதை எடுக்கவில்லை. எஞ்சினுக்கு வேண்டிய சாமான் கொழும்பிலிருந்து வரச் சுணங்கும் என்று கடைக்காரர் சொன்னார். அன்று பார்த்துத் தொலைபேசியில் ஒரு பந்தய நிறுவனத்தின் செய்தி: புதிதாகச் சேருபவர் போடும் காசுக்கு அதே அளவு போனஸ். காசு சும்மாதானே கிடக்கிறது? ஓர் இரவு அங்கே போட்டுவைத்து, போனசோடு எடுத்துவிடலாம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கம் தெரிய வேண்டும். வள்ளம் கரைக்கு வந்ததும், மீனை ஏலத்தில் விடுமுன், போனவர்கள் எல்லோருக்கும் வீட்டுக் கறிக்கென்று கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். கறிமீன். அதைப் பங்கில் கழிப்பதில்லை. திருப்பிக் கேட்பதில்லை. காய்ச்சலில் படுத்திருப்பவனின் வீட்டுக்கும் அது போகும். சும்மா கிடைப்பது என்றால் லெனாட்டுக்குத் தெரிந்தது அதுதான். கடை வைத்திருப்பவன் என்றால், எதற்குத் தருகிறார்கள் என்று கேட்டிருப்பான். லெனாட் அறுபதாயிரத்தையும் போட்டு, போனசைக் கறிமீனாக நினைத்து வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காசை எடுக்கப் போனான். எடுக்க முடியவில்லை. போனசை ஏற்றுக்கொண்டவர், தன் காசையும் போனசையும் சேர்த்து, அதன் இருபது மடங்குக்குப் பந்தயம் கட்டிய பிறகே எதையும் எடுக்கலாம். சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது. கணக்குப் போட்டான். இருபத்துநான்கு லட்சம்.

[ஸ்ரெல்லாவுக்கு: "நிபந்தனைகளை வாசியுங்கள்" என்பது நல்ல அறிவுரை. தருவதற்கு நிபந்தனை இருக்கும் என்று ஏற்கெனவே நினைப்பவனுக்கு.]

4

இந்த இடத்தில் எனக்கு லெனாட்மேல் சந்தேகம் வந்தது. அன்றைக்கே சூசைதாசனிடம் போய்ச் சொல்லியிருக்கலாமே? ஒரு வாரம் அவனை அப்படியே விட்டுவைத்தேன். திரும்பி வந்தபோது அவன் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தான்.

பெயர் தெரியாத ஊர்களில் பெயர் தெரியாத அணிகள். "துரத்தாதீர்கள்" என்று நான் எழுதியது அவனைத் தொடவேயில்லை. ஏனென்றால் அவன் கணக்கில் எதுவும் தொலையவில்லை. காசு திரையில் தெரிகிறது. உள்ளே மாட்டிக்கொண்டதை வெளியே எடுக்கிறான், அவ்வளவுதான். தாங்கக்கூடிய காசா என்ற கேள்வியும் எழவில்லை. அது அவனுடைய காசே இல்லை.

திரையில் இருந்த தொகை பாதியாகி, பாதியின் பாதியானது. சாமான் வந்துவிட்டதாகக் கடைக்காரர் அழைத்துச் சொன்னார். லெனாட் சூசைதாசனிடம், இன்னும் வரவில்லை என்றான்.

5

காலை. குசினி. அவனுடைய மனைவி ஜெசிதாவின் அடையாள அட்டை மேசையில் கிடக்கிறது. அவள்தான் எடுத்து வைத்தாள். ஆனால் கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"புது ஆளைச் சேர்த்தா ரெண்டு பேருக்கும் போனஸ் ஜெசி. உன்ரை பேர் மட்டும்தான் வேணும்."

"காசு எங்கை இப்ப?"

"உள்ளுக்கை கிடக்கு."

"அப்ப எடுங்கோவன்."

"இப்ப எடுக்கேலாது."

"எடுக்கேலாத காசு ஆரின்ரை காசப்பா?"

"உனக்கு விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காது. உங்களுக்கு விளங்கித்தானே வள்ளம் கரையிலை கிடக்கு."

[இவளுக்கு நான் இன்னும் நீளமாக ஒரு பேச்சு எழுதியிருந்தேன். அவள் பேச மறுத்துவிட்டாள்.]

"இதுதான் கடைசி," என்றான் லெனாட்.

"போன கிழமைக் கடைசியோ, இந்தக் கிழமைக் கடைசியோ?"

வாசல் படலையில் சத்தம் கேட்டது.

"லெனாட்! நிக்கிறியோ?"

சூசைதாசன். கையில் சொப்பிங் பை. ஜெசிதா பக்கத்தில் இருந்த மண்சட்டியை இழுத்து அட்டையின்மேல் வைத்தாள்.

"வாங்கோ சூசை அண்ணை. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"சீனி போடாதை பிள்ளை." வாசற்படியில் அமர்ந்தார். போட்டிருந்த சேட்டின் தோளில் இன்னும் ஈரம். "சிமியோன்ரை வள்ளத்திலை ஏறினனான். எல்லாம் இருபது வயசுப் பெடியள். நங்கூரம் இழுக்கிறது, தண்ணி இறைக்கிறது எல்லாம் நான். அந்த வள்ளத்திலை நான்தான் சின்னப் பெடியன்." தானே சிரித்தார். பிறகு பையை நீட்டினார். "கறிக்குத் தந்தவங்கள். ஒட்டி மீன். பாதி எனக்கு, பாதி உனக்கு."

"எனக்கேன் அண்ணை? நான் தொழிலுக்குப் போகேல்லையே."

"வள்ளம் ஓடாட்டி நீ என்ரை ஆளில்லையோ? பிடியடா."

லெனாட் பிடித்தான். அவனுடைய மற்றக் கையில் தொலைபேசி இருந்தது. ஜெசிதா பையை வாங்கி மீனைச் சட்டியில் கொட்டினாள். கத்தியை எடுத்தவள், வெட்டத் தொடங்கவில்லை.

சூசைதாசன் கேட்டார்:

"சாமான் வந்திட்டுதோ?"

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் தொலைபேசி அதிர்கிறது. எங்கோ ஓர் அணி வென்றுவிடுகிறது. எஞ்சின் திருத்தி வருகிறது, யாருக்கும் எதுவும் தெரியாமல் போகிறது. [எடுத்துவிட்டேன். இந்த முடிவை அந்த நிறுவனம் ஏற்கெனவே எழுதி எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறது.]

இரண்டாவதில் ஜெசிதா சொல்லிவிடுகிறாள். நன்றாகத்தான் வந்தது. ஆனால் காசை வாங்கியது அவளில்லை.

மூன்றாவதில் லெனாட் அழுதபடி அவருடைய காலடியில்

[இல்லை.]

ஸ்ரெல்லா இதுவரை வாசித்துவிட்டு, துண்டுப்பிரசுரத்துக்கு இது நீளம் என்றார். பிறகு, "லெனாட் என்ன சொன்னவன்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. என்னுடைய நான்காவது அறிவுரை, யாரிடமாவது சொல்லுங்கள் என்பது. அந்த யாரோ இப்போது வாசற்படியில் தேத்தண்ணிக்குக் காத்திருக்கிறார். அதை எழுதியபோது இவ்வளவு கிட்ட இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

லெனாட் பதிலுக்கு ஒரு சொல் சொன்னால் போதும். அதை உங்களிடம் விடுகிறேன்.

ஓம் என்றால், அடுத்த கேள்வி வரும். இல்லை என்றால், நாளைக்கும் மீன் வரும்.