முதலில் வைத்த பெயர்

அருங்காட்சியகத்தில் பூரான்களை வகை பிரிப்பவர் இரண்டு இனங்களை ஒன்றென்று சொல்லிவிட்டால், இரண்டாவது இனம் உலகத்திலேயே இல்லாமல் போய்விடும். ஜாடியில் அது ஊறிக்கிடந்த சாராயம் மட்டும் மிஞ்சும். அலுவலகத்தில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அலமாரியில் இடம் கிடைத்ததே என்றிருந்தார்கள். அவர் பொறுப்பில் இருந்தது கண்ணே இல்லாத பூரான் குடும்பம். எல்லாம் ஒரே பழுப்பு, எல்லாவற்றுக்கும் இருபத்தோரு ஜோடிக் கால். கடைசி ஜோடிக் காலில் ரம்பம்போல இருக்கும் பற்களை எண்ணித்தான் இது வேறு, அது வேறு என்று சொல்ல முடியும். அந்தக் காலோ தொட்டாலே கழன்றுவிடும். முன்னால் இருந்தவர்கள் முழி பிதுங்கி ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இவர் கறார் பேர்வழி. கால் இல்லையென்றால் வித்தியாசமும் இல்லை. முதலில் வைத்த பெயர் நிற்கும், பிந்தையது போகும். அதுதான் அந்தத் தொழிலின் சட்டம். சில வருடங்களில் பாதிக் குடும்பத்தைத் தீர்த்துக்கட்டினார். பதவி உயர்வும் வந்தது.

வீட்டில் அவருக்கு இரட்டைப் பெண்கள். ஒருநாள் சாப்பிடும்போது சின்னவள், "அப்பா, நான் யாரு, சொல்லுங்க பாக்கலாம்?" என்று வம்புக்கு இழுத்தாள். அவர் படித்துக்கொண்டிருந்ததிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான், போ" என்றார். காலையில் படுக்கையில் பெரியவள் மட்டும் இருந்தாள்.

மனைவி அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "உங்க வாயாலதானே போனா? வேற வேறன்னு சொல்லுங்க!" சொன்னார், தொண்டை கட்டும்வரை சொன்னார். ஆதாரமில்லாமல் சொன்னது எடுபடவில்லை. பிள்ளைகளின் படங்களைத் தரையில் பரப்பி, இருவரும் லென்ஸ் வைத்து மச்சம் தேடினார்கள், பல்வரிசை பார்த்தார்கள். எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. "சிரிப்பு வேறங்க" என்றாள் மனைவி. எப்படி வேறு என்று அவர் கெஞ்சிக் கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பெற்ற வயிற்றுக்குத் தெரிந்தது லென்ஸுக்குத் தெரியவில்லை. கொடுமைதான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவள் கடைசியில் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்தாள். "அழாதம்மா. அவ எங்கயும் போகல, எனக்குள்ளதான் இருக்கா. இடம்தான் பத்தல."

அதற்குப் பிறகு தேடுவதை விட்டுவிட்டார்கள். அவர் வழக்கம்போல் வேலைக்குப் போய்வந்தார். சாப்பாட்டுக்கு அம்மா பெரியவளுக்கு இரண்டு தட்டு வைத்தாள், இரண்டும் காலியாயின. துணி எடுக்கும்போது மட்டும் ஓர் அளவு பெரிதாக எடுத்தார்கள்.