கிழவன் ஏன் திரும்பினான்?

"இந்தக் கட்டு முழுக்கப் பாத்தெழுதின கொப்பி. ரத்துச் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறன். திருத்தினவர் எண்டு நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் சரி, ரீச்சர்."

பிரதம பரீட்சகர் சிவசுப்பிரமணியம் அறிக்கையை யோசப்பினின் மேசையில் வைத்தார்.

யோசப்பினுக்கு இது முதல் வருடம். நல்லூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலத் தாள்கள் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தன. இந்தச் சோதனையில் தவறினால் டிசம்பரில் பெரிய சோதனை எழுத விடமாட்டார்கள். கையெழுத்து வைத்தால், அந்தக் கட்டிலுள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு வருடம் போய்விடும்.

தாள்களில் சுட்டெண் மட்டுந்தான். எந்தப் பள்ளிக்கூடம் என்று யாருக்கும் தெரியாது.

சிக்கல் நாலாவது கேள்வியில். வாசிப்புப் பகுதியில் ஒரு கிழவன் வருகிறான். பகல் முழுவதும் கிழிந்த வலையைப் பொத்துகிறான். மாலையில் அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வருகிறான். நிலா எழுகிறது, தண்ணீர் பளபளக்கிறது. கிழவன் வானத்தைப் பார்க்கிறான். வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, பாடியபடி வீட்டுக்குத் திரும்புகிறான். அவன் ஏன் கடலுக்குப் போகவில்லை?

புள்ளித்திட்டத்தில் இருந்த விடை: களைத்துப் போனான்.

இந்தக் கட்டில் ஒருவர்கூட அப்படி எழுதவில்லை. எல்லோரும் நிலாவைத்தான் சொல்லியிருந்தார்கள்.

"ஆரோ ஒருத்தன் பிழையாய் எழுத, மற்றதெல்லாம் பாத்து எழுதியிருக்கு," என்றார் சிவசுப்பிரமணியம்.

அடுத்த மேசையில் இருந்த, கடற்கரையே இல்லாத உடுவில் ஊர்ப் பஞ்சலிங்கம் மாஸ்ரர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கரையோரத்துப் பிள்ளையளாய் இருக்கும் சேர். உதுகளுக்கு இங்கிலீசு வராது. பக்கத்துத் தாள் நல்லாய் வரும்."

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

"நானும் கரையோரந்தான் மாஸ்ரர். கொழும்புத்துறை," என்றாள் யோசப்பின். சிரிப்பு நின்றது.

அவள் சிவசுப்பிரமணியத்தின் பக்கம் திரும்பினாள். "கொப்பி எண்டால் ஒரே மாதிரி இருக்கவேணும் சேர். ஒரு பிள்ளை மீனுக்கும் கண் இருக்கு எண்டு எழுதியிருக்கு. இன்னொண்டு, எங்கடை அப்பாவும் நிலவு நாளிலை கடலுக்குப் போறேல்லை எண்டு. இந்தப் பிள்ளை, மீன் விசரில்லை, அதுக்கும் புத்தியிருக்கு எண்டு எழுதியிருக்கு. நிலவு வெளிச்சத்திலை வலை தெரியும் சேர், மீன் கிட்ட வராது. கடல் தொழில் செய்யிற வீட்டிலை அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"உங்கடை கடல் அறிவு எனக்கு வேண்டாம் ரீச்சர். வாசிப்புப் பகுதியெண்டால் விடை பந்திக்குள்ளை இருக்கவேணும். வீட்டிலை கேட்ட கதையை எழுதினால் புள்ளி இல்லை."

"ஓம் சேர். அப்ப பந்தியையே பாப்பம்."

யோசப்பின் வினாத்தாளை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். பந்தியை உரத்து வாசித்தாள். பேனைகள் ஓய்ந்தன.

"களைப்பு எண்ட சொல் எங்கை இருக்கு சேர்?"

"பகல் முழுக்க வலை பொத்தினவன் களைக்காமல் என்ன செய்வான்?"

"களைச்சவன் வீட்டிலை படுத்திருப்பான். இவன் வலையையும் காவிக்கொண்டு கரைக்கு வந்து நிக்கிறான். போறதுக்குத்தானே வந்தவன்? வந்தவன் வானத்தைப் பாத்தாப் பிறகுதான் வலையைச் சுருட்டுறான். திரும்பேக்கை பாட்டு வேறை பாடுறான். களைச்சவனுக்குப் பாட்டு வருமோ? பந்தியை ஒழுங்காய் வாசிச்சது இந்தப் பிள்ளையள்தான் சேர். வீட்டுக் கதையை எழுதினது புள்ளித்திட்டம்."

புள்ளித்திட்டத்தை எழுதியவரே சிவசுப்பிரமணியம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவர் வினாத்தாளை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒருமுறை வாசித்தார். விரலை வைத்து, வரி வரியாக, இன்னொருமுறை வாசித்தார்.

பிறகு அறிக்கையை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"எல்லாரும் கவனியுங்கோ," என்றார், மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி. "நாலாம் கேள்வி. சரியான விடை நிலா. நான் போட்டது பிழை. திருத்தி முடிச்ச கட்டுகளையும் அவிழுங்கோ."

பஞ்சலிங்கம் மாஸ்ரர் தன் பக்கத்தில் கட்டி அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்தார். "சேர், என்ரை கட்டுகளிலை எல்லாம் களைப்புத்தான். அதுகளுக்கு என்ன செய்யிறது?"

சிவசுப்பிரமணியம் யோசப்பினைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ ரீச்சர்."

"பாதிப் புள்ளி குடுப்பம் சேர். பாவம், கடல் காணாத பிள்ளையள்."

இந்தமுறை சிரிப்பில் கூரை அதிர்ந்தது. முதலில் சிரித்தவர் சிவசுப்பிரமணியம்தான். பஞ்சலிங்கம் மாஸ்ரரும் வேறு வழியில்லாமல் சிரித்துக்கொண்டே கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

யோசப்பின் உட்கார்ந்து, சிவப்புப் பேனையை எடுத்தாள். மீனுக்குக் கண் இருக்கிறது: முழுப் புள்ளி. எங்கள் அப்பாவும் போவதில்லை: முழுப் புள்ளி. மீன் விசரில்லை: முழுப் புள்ளி. அந்தக் கட்டு முடியும்வரை அவள் பேனை நிற்கவேயில்லை.