மூன்று நாள் டின்

சத்தியநாதனின் உடலைப் பக்கவாட்டில் சாய்த்து, கோட்டின் முதுகை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள் அவன் மனைவி ஜெயசீலி. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. அதற்குள் இப்போது இன்னொரு சத்தியநாதனையும் படுக்கவைக்கலாம்.

"உயிரோட இருக்கறப்ப குத்துனது போதாதா? இப்பவுமா?" என்றாள் அவன் அக்கா ரத்தினபாய். அனகாபுத்தூரிலிருந்து வந்து இறங்கியது முதல் அவள் வாய் மூடவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த சபைப் பெண்களைப் பார்த்துச் சொன்னாள். "எலும்பும் தோலுமா கெடக்கறான். தாம்பரத்துல ரேஷன் அரிசிகூடவா கெடைக்கல? வெண்ணெ மட்டும் வாங்குனாளாம். யாரு துன்னது?"

அவர்களில் ஒருத்தியான மெட்டில்டா டீச்சர் ஜெயசீலியின் இடுப்பைப் பார்த்தாள். பிறகு பைபிளைத் திறந்துகொண்டாள்.

ஜெயசீலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். இன்றைக்கு அதுவே குற்றமாகிவிட்டது. இனி இதே தெருவில், இதே சபையில், புருஷனைப் பட்டினி போட்டவள் என்ற பேரோடுதான் நடமாட வேண்டும்.

வெண்ணெயைத் தின்றது அவன்தான். ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார்: "சாப்பாட்டுல குறையில்லம்மா. குடல் அதை வாங்கிக்குதான்னு பாக்கணும். மூணு நாள் வெண்ணெய அளந்து குடுங்க. அந்த மூணு நாள் மலம் முழுசும் இந்த டின்ல வரணும். தின்ன கொழுப்புல எவ்வளவு வீணா வெளிய வருதுன்னு லேப்ல தெரிஞ்சிடும். அப்புறந்தான் மருந்து."

காம்பவுண்டரிடம் தராசு இரவல் வாங்கி நிறுத்துப் போட்டாள். அவன் குமட்டிக் குமட்டித் தின்றான். மூடி போட்ட டின் கொல்லையில் துவைக்கிற கல்லோரம் இருந்தது. "அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம், மானம் போயிடும்" என்று கெஞ்சினான்.

மூன்றாம் நாள் அவள் பால் வாங்கப் போன நேரம் பார்த்து ரத்தினபாய் தம்பியைப் பார்க்க வந்துவிட்டாள். ஜெயசீலி திரும்பியபோது, டின் சாம்பல் போட்டுத் தேய்க்கப்பட்டு மதில்மேல் கவிழ்ந்திருந்தது. "கொட்டாம மூடி வச்சிகினு கீறியே, நீயெல்லாம் பொம்பளையா?" என்றாள் ரத்தினபாய். பதில் சொல்ல வாயெடுத்தவளைச் சத்தியநாதன் கண்ணாலேயே தடுத்தான். மறுபடி டெஸ்ட் எடுக்கலாம் என்று அவள் சொன்னபோது, "என்னால ஆவாது" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தாள். அவன் தேறவில்லை.

இப்போது பூ வைக்கப் பாத்திரம் தேடிக் கொல்லைக்குப் போன ரத்தினபாய், அதே டின்னில் சாமந்தியை நிரப்பிக்கொண்டு வந்து தம்பியின் தலைமாட்டில் வைத்தாள்.

"ஒரு பூ வைக்கக்கூட இந்த வூட்ல நல்ல பாத்திரம் கெடயாது."

கடைசி ஊசியைக் குத்திவிட்டு ஜெயசீலி எழுந்தாள். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். மெட்டில்டா டீச்சரின் கண் மறுபடியும் அவள் இடுப்புக்கு வந்தது.

"அந்த டின்னு ஆஸ்பத்திரியோடது, அக்கா." குரலை அவள் உயர்த்தவே இல்லை. "அவர் சாப்பிட்டது ஒடம்புல சேருதான்னு டெஸ்ட் பண்ணக் குடுத்தாங்க. அதுக்குத்தான் கொட்டாம வச்சிருந்தோம். ரிசல்ட் பாத்துட்டுத்தான் மருந்துன்னாரு டாக்டர். நீங்க கழுவிட்டீங்க."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"அவர்தான் சொல்ல வேணாம்னாரு. உங்ககிட்ட வெக்கம்."

ரத்தினபாய் டின்னையே பார்த்தாள். மெட்டில்டா டீச்சரின் கண்ணும் டின்னுக்குப் போனது. ஜெயசீலிக்குத் திருப்தியாக இருந்தது. துக்க வீட்டில் இருக்கக் கூடாத அளவு இருந்தது.

பெட்டி வந்தது. பாஸ்டர் ஜெபம் முடித்ததும், ஒவ்வொருவராக டின்னிலிருந்து ஒரு பூ எடுத்து அவன் மார்பில் வைத்தார்கள். மெட்டில்டா டீச்சர் வைத்தாள். ஜெயசீலி வைத்தாள். ரத்தினபாய் மட்டும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"வைங்கம்மா" என்றார் பாஸ்டர்.

கைகள் வெளியே வரவில்லை.

டின்னில் இன்னும் பூ இருந்தது. எடுத்துக் கொடுக்கிற தூரத்தில்தான் ஜெயசீலி நின்றிருந்தாள். பெட்டியை மூடினார்கள்.