விழித்திருந்த நோயாளி

எய்லெர்ட் மயக்க மருந்து வேண்டாமென்றார். வட நார்வேயில் குடல் சோதனைக்குப் பலரும் விழித்தபடிதான் படுக்கிறார்கள். முடிந்ததும் தாங்களே கார் ஓட்டிப் போகவேண்டும்.

டாக்டர் சினோவே கேமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் நகர்த்தினாள். காட் மீன் பிடிக்கும் எய்லெர்ட் திரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"என் படகு என்ஜினைக்கூட நான் இவ்வளவு நோண்டினதில்ல, சினோவே."

"அது இப்படி வளைஞ்சு நெளிஞ்சு இருக்காது."

இடப்பக்க வளைவில் குழாய் முரண்டு பிடித்தது. வழி தெரிய, குடலுக்குள் வாயுவைச் செலுத்தினாள். மறுபடியும் செலுத்தினாள்.

"வலிக்குதா?"

"பரவாயில்ல."

நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது. நர்ஸ் குன்வோர் துடைத்துவிட்டாள். "நிஜமாத்தானா?"

"இதைவிடப் பெரிய அலையெல்லாம் பாத்தாச்சு. வேலையப் பாருங்க."

சினோவே வேலையைப் பார்த்தாள். அவளும் அதே கடற்கரைக்காரி. அவள் அப்பா விலா எலும்பு முறிந்த நாளிலும் பரவாயில்லை என்றவர். அந்தச் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சினோவே, வயித்தத் தொட்டுப் பாரு," என்றாள் குன்வோர்.

பலகைபோல இருந்தது. எய்லெர்ட் ஏதோ சொல்ல வாய் திறந்தார், மூச்சு வரவில்லை. உதடுகள் நீலம் பாரித்தன. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போனது.

குடலில் ஓட்டை. அதன்வழி கசிந்த வாயு வயிற்றறையில் அடைந்து, நுரையீரலை மேலே தள்ளி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தையும் நெரித்தது.

"வாயுவ நிறுத்து. ஆக்சிஜன் வை. மல்லாக்கப் போடு."

"சர்ஜன் ஹால்வாரைக் கூப்பிட்டாச்சு." என்றாள் குன்வோர். " ஆபரேஷன் தியேட்டரைத் தயார் பண்றார்."

"அதுவரைக்கும் இவர் தாங்கமாட்டார். பெரிய ஊசி குடு."

வயிற்றில் ஊசி குத்தி வாயுவை வெளியேற்றுவதைப் பொம்மை உடலில் மட்டுமே செய்து பழகியிருந்தாள். தொப்புளுக்குக் கீழே மருந்து தடவிக் குத்தினாள். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். சீறிக்கொண்டு காற்று வெளியேறியது. வயிறு மெல்லத் தளர்ந்தது. எய்லெர்ட் இழுத்து ஒரு மூச்சு விட்டார்.

லிஃப்டில் அவள் ஒரு கையால் ஊசியையும் மறுகையால் நாடியையும் பிடித்தபடி நின்றாள். தியேட்டர் வாசலில் அறுவை மருத்துவர் ஹால்வார் ஊசியைத் தன் கைக்கு வாங்கினார்.

"நல்ல நேரத்துல குத்தியிருக்க."

"முன்னாடியே தொட்டுப் பாத்திருக்கணும்."

கதவு மூடியது. அவள் நடைபாதையில் போவதும் வருவதுமாக இருந்தாள். உட்கார முடியவில்லை. கடைசியில் ஹால்வார் வெளியே வந்து முகமூடியை இறக்கினார்.

"ஓட்டைய தச்சாச்சு. பொழச்சுக்குவார். அவர் மனைவிகிட்ட நான் பேசட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் சினோவே. "நான் செஞ்சத நானே சொல்றேன்."